பச்சை மாத்திரையும் பி.பி. மாத்திரையும்

குன்னூரிலிருந்து பொது மருத்துவர் ஒருவர் எழுதும் வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வயது 64. கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பல வருடங்களாக பி.பி. உண்டு, ராமிப்ரில் சாப்பிடுகிறேன். சமீபத்தில் எக்கோ எடுத்தபோது இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது, 13 மில்லிமீட்டர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பி.பி.யால் ‘ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்’ வந்து இதயம் துருப்பிடித்துவிடும், ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைதான் அதற்கு மருந்து என்று என் மருமகன் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினார். அன்றிலிருந்து வைட்டமின் ஈ, அந்தப் பச்சை மாத்திரை, 400, தினமும் ஒன்று போடுகிறேன். இனி ராமிப்ரிலைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாமா டாக்டர் அம்மா?

பதில்: குறைக்க வேண்டாம் சார். நிறுத்தத்தான் வேண்டும் என்றால் பச்சை மாத்திரையை நிறுத்துங்கள். அறிவியல் ஆசிரியர் என்பதால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மற்ற வாசகர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

மருமகன் அனுப்பிய செய்தியின் முதல் பாதி உண்மைதான். இதயம் ஒரு நாளில் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. லீவே இல்லாத அந்தத் தசைக்குச் சக்தி தயாரித்துக் கொடுக்க, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. செல்லின் கொள்ளளவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அவைதான். அங்கே எலெக்ட்ரான்கள் படிப்படியாகக் கைமாறி, கடைசியில் ஆக்ஸிஜனிடம் போய்ச் சேர்ந்து தண்ணீராகும். நடுவழியில் ஒன்றிரண்டு நழுவி ஆக்ஸிஜனில் ஒட்டிக்கொண்டால், அதுதான் சூப்பர் ஆக்சைடு. அக்கம்பக்கத்தில் இருப்பதையெல்லாம் சீண்டும் சுபாவம் அதற்கு. இந்த நழுவல் உங்களுக்கும் எனக்கும் பிறந்த குழந்தைக்கும் எந்நேரமும் நடப்பதுதான். அதை அடக்கிவைக்க உடம்பிலேயே சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி இருக்கிறது. 1969-இல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். உற்பத்தி கூடி, அடக்கும் ஆட்கள் போதாமல் போகும் நிலைமைக்குத்தான் ஆக்ஸிடேட்டிவ் ஸ்ட்ரெஸ் என்று பெயர்.

பி.பி. கூடினால் இடது கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் அதிகமாக முக்கித்தான் ரத்தத்தை வெளியே தள்ள வேண்டும். தசை நார் இழுபடுகிறது, நாளடைவில் தடிக்கிறது. உங்கள் 13 மில்லிமீட்டர் அப்படி வந்ததுதான். ஆண்களுக்கு 10 வரை சாதாரணம். தடித்த தசை ஆக்ஸிஜன் கூடுதலாகக் கேட்கும், ஆனால் அதற்கு ஈடாக நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதில்லை. மைட்டோகாண்ட்ரியாவில் நழுவல் கூடுகிறது.

துரு என்று சொன்னது பொருந்தாமல் போவது இங்கேதான். இரும்பு சும்மா கிடந்தாலே துருப்பிடிக்கும். இதயத்தில், வேலை மெனக்கெட்டு சூப்பர் ஆக்சைடைத் தயாரித்து வெளியே விடுவதற்கென்றே இன்னொரு நொதி இருக்கிறது, என்.ஏ.டி.பி.ஹெச். ஆக்ஸிடேஸ். வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்வதே இந்த நொதியை வைத்துத்தான். பிறவியிலேயே அது வேலை செய்யாத குழந்தைகளுக்குச் சீழ்க்கட்டியும் பூஞ்சைத் தொற்றும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். தொல்லை எதுவென்றால், ஆஞ்சியோடென்சின் 2 என்ற ஹார்மோன் ரத்தக் குழாய்களிலும் இதயத் தசையிலும் இதே குடும்பத்து நொதியைக் கிளப்பிவிடுகிறது. ரத்தக் குழாயைச் சுருக்கி, உடம்பில் உப்பைத் தேக்கி, பி.பி.யை ஏற்றும் அதே ஹார்மோன்தான். அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் கேத்தி கிரீன்ட்லிங் குழுவினர் 1994-இல் ரத்தக் குழாய்த் தசைச் செல்களில் இதைக் காட்டினார்கள்.

அப்புறம் நடப்பது ஒரு திருட்டு. ரத்தக் குழாயின் உள் உறையிலிருந்து நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு சுரந்து குழாயைத் தளர்த்திவிடும். அதைக் கண்டறிந்த மூவருக்கு 1998-இல் நோபல் பரிசு கிடைத்தது. சூப்பர் ஆக்சைடு இந்த வாயுவைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து பெராக்ஸிநைட்ரைட் என்ற இன்னும் மோசமான ஒன்றாகும். தளர்த்த ஆள் இல்லாத குழாய் இறுக்கமாகவே இருக்கும், பி.பி. இன்னும் ஏறும். நிலைமை முற்றினால், நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்க வேண்டிய நொதியே தடம் மாறி சூப்பர் ஆக்சைடைத் தயாரிக்க ஆரம்பித்துவிடும். வேலியே பயிரை மேய்ந்த கதைதான். இதற்கிடையில் இதயத் தசை நார்களுக்கு நடுவே கொலாஜன் என்ற நார்ப் புரதம் படிந்து சுவர் விறைக்கிறது. விறைத்த அறை சுருங்குவதில் குறை இருக்காது. விரிந்து ரத்தத்தை வாங்கிக்கொள்ளத்தான் மறுக்கும். எக்கோவில் ‘பம்பிங் 60 சதவீதம், நார்மல்’ என்று போட்டிருக்கும். ஆளுக்கோ பஸ் ஸ்டாண்டிலிருந்து மேல் ரோட்டுக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கும். நம் ஊரில் அதை வயது என்றும் குளிர் என்றும் சொல்லித் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம்.

பி.பி.யால் இந்த ஸ்ட்ரெஸ் வருகிறதா, இந்த ஸ்ட்ரெஸால் பி.பி. வருகிறதா என்று நீங்கள் கேட்கக்கூடும். எலிகளில் இரண்டு பக்கமும் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் உப்பு, சிறுநீரகம், பரம்பரை, எடை, வயது என்று பல கைகள் சேர்ந்துதான் பி.பி.யை ஏற்றுகின்றன, இது அதில் ஒரு கை. ஆகவே இதை மட்டும் சரிசெய்தால் பி.பி. போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சரி, சூப்பர் ஆக்சைடு போன்றவற்றை அடக்கும் என்று நம்பிச் சாப்பிடும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரைக்கு வருவோம். நீங்கள் சாப்பிடும் இரண்டு மாத்திரைகளையும் ஒரே ஆய்வில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள் சார்! 2000-இல் வெளிவந்த ‘ஹோப்’ ஆய்வு. 55 வயதைத் தாண்டிய, இதய ஆபத்து கூடுதலாக உள்ள 9,000-க்கும் மேற்பட்டவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு பி.பி. ராமிப்ரில் 10 மில்லிகிராம் அல்லது அதைப் போன்ற வெற்று மாத்திரை, அதோடு வைட்டமின் ஈ 400 யூனிட் அல்லது அதைப் போன்ற வெற்று மாத்திரை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்கள். நாலரை, ஐந்து வருடம் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றில் ஏதாவது ஒன்று வந்தவர்கள் வெற்று மாத்திரைக் குழுவில் 17.8 சதவீதம், ராமிப்ரில் குழுவில் 14 சதவீதம். வைட்டமின் ஈ சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்த ஆட்களில் பலரை மேலும் சில வருடங்கள் கவனித்து 2005-இல் எழுதியபோது, வைட்டமின் ஈ குழுவில் இதயச் செயலிழப்பு 13 சதவீதம் கூடுதலாக இருந்தது. உங்கள் வயது ஆண்களுக்கு இன்னொரு தகவல்: தினம் 400 யூனிட் வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம் என்று 2011-இல் இன்னொரு பெரிய ஆய்வு சொன்னது. சத்து மாத்திரைதானே, என்ன செய்துவிடப் போகிறது என்று நாம் சாப்பிடும் மாத்திரை இது.

ஏன் பலிக்கவில்லை? சூப்பர் ஆக்சைடு நைட்ரிக் ஆக்சைடைப் பிடிக்கும் வேகத்துக்கு வைட்டமின்களால் ஓட முடியாது. வைட்டமின் ஈ செல்லின் கொழுப்புச் சவ்வில் உட்கார்ந்திருக்கும், சம்பவம் வேறு இடத்தில் நடக்கும். இன்னொன்று, இதே மூலக்கூறுகள் சிறிய அளவில் செல்லுக்குச் செய்தி சொல்லும் வேலையும் பார்க்கின்றன. ஜெர்மனியில் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடற்பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை எடுத்தவர்களுக்குப் பயிற்சியால் இன்சுலின் நன்றாக வேலை செய்ய வேண்டிய பலன் கிடைக்காமலே போனது. அந்தச் சின்னத் தொந்தரவைப் பார்த்துத்தான் உடம்பு தன் சொந்தப் பாதுகாப்பை வளர்த்துக்கொள்கிறது. மாத்திரை அந்தச் செய்தியை அமுக்கிவிடுகிறது.

ராமிப்ரில் வேறு வழியில் போகிறது. உண்டான சூப்பர் ஆக்சைடைத் துரத்திக்கொண்டு ஓடாமல், ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதையே அது குறைத்துவிடும். நொதியைக் கிளப்பும் கை அங்கேயே தளர்கிறது. பலன் முழுக்க இதனால்தான் என்று சொல்ல மாட்டேன், பி.பி. இறங்கியதால் வந்த பலனும் அதில் உண்டு. இரண்டையும் அந்த ஒரே மாத்திரை செய்யும்போது அதைக் குறைத்துவிட்டு, எதையும் செய்யாத ஒன்றை வைத்துக்கொள்வானேன்?

தடித்த சுவர் திரும்ப மெலியும் என்பது உங்களுக்கு நல்ல செய்தி. இதே பாதையில் வேலை செய்யும் லோசார்டனை வைத்து 9,193 பேரிடம் நடத்திய ‘லைஃப்’ ஆய்வில் (2002) இ.சி.ஜி.யில் தெரிந்த தடிப்பு குறைந்தது, பக்கவாதமும் குறைந்தது. ஆக, வீட்டில் பி.பி. பார்த்துக் குறித்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். 130/80-க்குக் கீழே கொண்டுவர முடியுமா என்று கேளுங்கள். டோஸைக் கூட்டவேண்டிய நிலைகூட இருக்கலாம். ரத்தத்தில் பொட்டாசியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பார்த்து நாளாகிவிட்டது என்றால் அதையும் பாருங்கள். வறட்டு இருமல் வந்தால் இந்த மாத்திரையாலும் இருக்கலாம், மாற்று உண்டு, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

காய்கறி, பழத்தை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது வேறு. 1997-இல் வந்த ‘டாஷ்’ ஆய்வில் காய், பழம், கொழுப்பு குறைந்த பால் என்று சாப்பாட்டை மாற்றியதிலேயே பி.பி. உள்ளவர்களுக்கு மேல் எண் சராசரியாக 11 இறங்கியது. உங்கள் ஊர்ச் சந்தையில் கேரட்டும் பீன்ஸும் முட்டைக்கோஸும் பறித்த அன்றே கிடைக்கின்றன. பச்சை மாத்திரைக்குக் கொடுக்கும் காசை அங்கே கொடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 52 வயது, எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். பி.பி. மாத்திரை வீட்டுக்கே வந்து கொடுக்கிறார்கள், தவறாமல் போடுகிறார். ஆனாலும் 160-க்குக் கீழே இறங்கவில்லை. முட்டி வலிக்கும் இடுப்பு வலிக்கும் கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடுவார். வீட்டில் விறகு அடுப்புதான். இதற்கெல்லாம் பி.பி.யோடு சம்பந்தம் உண்டா? (கூடலூர் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: உண்டு கண்ணு, இரண்டுக்குமே உண்டு. ஆனால் முதல் சந்தேகம் வலி மாத்திரை மேல்தான்.

டைக்ளோபினாக், அசெக்ளோபினாக், ஐபுப்ரூஃபன் வகை மாத்திரைகள் சிறுநீரகத்தில் உப்பையும் நீரையும் தேக்கும். எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்ற பி.பி. மாத்திரைகள் ஒரு பக்கம் இறக்க, இது மறு பக்கம் ஏற்றிக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் சேர்த்துச் சாப்பிட்டால் சிறுநீரகமே பழுதாகலாம். அம்மாவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. சரிவில் நாள் முழுக்க நின்று பறித்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு எடை போடும் இடத்துக்கு ஏறி இறங்குபவர். வலி இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். கடையில் அட்டையாகக் கேட்டு வாங்கி அதில் எழுதியிருக்கும் பெயரைப் படித்துப் பார். காகிதத்தில் மடித்து ‘மூன்று வேளைக்கு’ என்று கலவையாகக் கொடுத்தால் வாங்கவே வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருக்கலாம், அதுவும் பி.பி.யை ஏற்றும்.

வலிக்குப் பாராசிட்டமால் பரவாயில்லை, ஆனால் அதுவும் அளவோடு. தினம் நாலு கிராம் வீதம் இரண்டு வாரம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வில், பி.பி. உள்ளவர்களுக்கு மேல் எண் கிட்டத்தட்ட 5 ஏறியது (எடின்பரோ, 2022). மேலே தடவும் ஜெல், சுடுதண்ணீர் ஒத்தடம், தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சி இவற்றை முயன்று பார்க்கலாம். பயிற்சியை பிசியோதெரபிஸ்ட் ஒருமுறை சொல்லிக்கொடுத்தால் போதும், ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அந்தச் சேவையும் உண்டு. அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவருவதும் அந்தத் திட்டத்தின் ஆட்களாகத்தான் இருக்கும். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த திட்டம். ஒரு நாள் கூலியை விட்டு பஸ் பிடித்து மாத்திரை வாங்க வர வேண்டியிருந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை இங்கே தினமும் பார்க்கிறேன். அடுத்த முறை அவர்கள் வரும்போது வலி மாத்திரை விஷயத்தையும் சொல்லிவிடுங்கள். கேட்டால்தான் சொல்வேன் என்று மறைத்து வைக்கும் சமாச்சாரமாக இருக்கிறது இது.

புகையும் குறைந்த ஆள் இல்லை. விறகுப் புகையின் நுண்துகள் நுரையீரலின் அடி ஆழம் வரை போய் வீக்கத்தைக் கிளப்பும். மேலே ஆசிரியருக்குச் சொன்ன அதே சூப்பர் ஆக்சைடு விவகாரம் ரத்தக் குழாய்களில் நடக்கும். குளிருக்காக ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்பைச் சுற்றி உட்காருவது நம் மலையில் சுகமான பழக்கம், விடச் சொன்னால் என்னைத் திட்டுவார்கள். கேஸ் இருந்தால் சமையலுக்கு அதை வையுங்கள், குளிக்கத் தண்ணீர் காய்ச்சும் விறகு அடுப்பை வெளியே கொண்டுபோங்கள். கருவாடு, ஊறுகாயின் உப்பையும் கவனி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு.

கேள்வி: மஞ்சூர் பக்கம் சிறு தேயிலை விவசாயி நான். தேயிலையிலேயே ஆன்டிஆக்ஸிடன்ட் இருக்கிறதாமே? கிரீன் டீ குடித்தால் பி.பி. குறையுமா?

பதில்: குறையும், மேல் எண்ணில் சுமார் 2. மாத்திரைக்கு மாற்றாக வைக்கிற அளவு இல்லை. கிரீன் டீயில் கேட்டகின்கள், அதாவது நீங்கள் சொல்லும் ஆன்டிஆக்ஸிடன்ட்கள், அப்படியே இருக்கும். நாம் வழக்கமாகக் குடிக்கும் சி.டி.சி. டீத்தூளில் அவற்றில் பெரும்பகுதி ஆக்ஸிஜனோடு சேர்ந்து வேறு பொருள்களாக மாறிவிடும், நிறமும் கடுப்பும் அதிலிருந்துதான். இரண்டுமே நல்ல பானம்தான். குன்னூரில் இருந்துகொண்டு டீயைக் குறை சொன்னால் என்னை ஊரில் விட மாட்டார்கள்! ஆனால் டீயோடு இரண்டு வர்க்கி, அப்புறம் இன்னும் இரண்டு என்று போனால் கணக்கு தலைகீழாகிவிடும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க வேண்டாம், இரும்புச்சத்து உடம்பில் சரியாகச் சேராது.

கேள்வி: ஊட்டியில் ஆட்டோ ஓட்டுகிறேன், வயது 45. வீட்டு மெஷினில் 128, 130 காட்டுகிறது. ஆஸ்பத்திரிக்குப் போனால் 158. டிசம்பர், ஜனவரியில் வீட்டிலும் 140 தாண்டுகிறது. எதை நம்புவது?

பதில்: ஆஸ்பத்திரியில் எப்படிப் பார்த்தார்கள் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். மலையில் பி.பி. பார்ப்பதில் சமவெளியில் இல்லாத சில வில்லங்கங்கள் உண்டு. ஸ்வெட்டருக்கு மேலேயே பட்டையைச் சுற்றிவிடுவார்கள். இல்லையென்றால் முழுக்கை ஸ்வெட்டரை முழங்கைக்கு மேல் சுருட்டிவிடுவார்கள், அது கையை இறுக்கிப் பிடிக்கும். இரண்டிலும் எண் சரியாக வராது. ஒரு கையை ஸ்வெட்டரிலிருந்து முழுசாக வெளியே எடுத்துவிட்டு, வெறும் கையில்தான் பார்க்க வேண்டும். அப்புறம் படிகள். எந்த ஆஸ்பத்திரிக்கும் நாலு படியாவது ஏறாமல் போக முடியாத ஊர் நம்முடையது. ஏறிய மூச்சோடு உட்கார்ந்து கையை நீட்டினால் 158 என்ன, 170 கூட வரும். ஐந்து நிமிடம் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றி, பேசாமல் உட்கார வேண்டும். அதற்கு முன் அரை மணி நேரம் டீயும் பீடி சிகரெட்டும் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டு இருக்கக் கூடாது. கை இதயத்தின் உயரத்தில் மேஜை மேல் இருக்க வேண்டும்.

டிசம்பர் விஷயம் உண்மையானது, மெஷின் கோளாறு இல்லை. குளிரில் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், பி.பி. ஏறும். தலைகுந்தாவில் புல் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும் நேரத்தில் வண்டியை எடுக்கிறவருக்குச் சொல்லவே வேண்டாம். காது, கழுத்து, கையை மூடிக்கொள்ளுங்கள். குளிருக்கு ஒரு பெக் என்பது மருத்துவம் இல்லை, மதுவும் பி.பி.யை ஏற்றும்.

ஒரு வாரம், காலை இரண்டு தடவை, மாலை இரண்டு தடவை பார்த்து எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். அது 135/85-க்கு மேலே இருந்தால் பி.பி. உண்டு என்று அர்த்தம். இப்போது ஒரு தடவையும் உறைபனிக் காலத்தில் ஒரு தடவையும் இதைச் செய்து, இரண்டு தாளையும் டாக்டரிடம் கொண்டுபோங்கள். ஆஸ்பத்திரியில் மட்டும் ஏறுகிறவர்களையும் அடியோடு விட்டுவிட முடியாது, அவர்களில் பலருக்குச் சில வருடங்களில் நிஜமான பி.பி. வந்துவிடுகிறது.

கேள்வி: என் அப்பாவுக்கு 70 வயது, பி.பி. உண்டு, மாத்திரையில் கட்டுப்பாட்டில் இருக்கிறது. மே மாதம் ஊட்டிக்கு அழைத்து வரலாமா? உயரத்தில் ஆக்ஸிஜன் குறைவு என்கிறார்களே! (திருப்பூர் வாசகி)

பதில்: தாராளமாக வாருங்கள். ஊட்டி 2,240 மீட்டர். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே. முதல் ஓரிரு நாள் நாடித்துடிப்பும் பி.பி.யும் கொஞ்சம் கூடலாம், கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. வந்து இறங்கிய அன்றே தொட்டபெட்டா படிகளில் ஏற்றாதீர்கள். நெஞ்சு வலியோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவதோ ஏற்கெனவே இருந்தால் பயணத்துக்கு முன் டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை அவர் சட்டைப் பையிலோ உங்கள் கைப்பையிலோ வையுங்கள், பஸ் டிக்கியில் போகும் பெட்டியில் வேண்டாம். சீசன் நெரிசலில் பர்லியாரிலிருந்து குன்னூர் வரவே சில நாள் பாதிப் பொழுது போய்விடும்.